பேட்ரோனியா, கலேராவா? மாங்காய் சீசனுக்கு எது தாங்கும்?

கிருஷ்ணகிரியில் மே, ஜூன் வந்தால் பெங்களூரா மாங்காய் லோடு இராத்திரியிலும் ஓயாது. கூழ் ஆலை வாசலில் எடை போட்ட ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டு கொடுத்தாக வேண்டும். கோடை மழையும் காற்றும் கரண்டைப் பறிப்பதும் அதே மாதங்களில்தான். ஒரு மெஷின் விழுந்தாலும் சீட்டு நிற்காதபடி டேட்டாவைப் பல மெஷின்களில் வைக்க நான் ஒப்பிட்டுப் பார்த்தவை இரண்டு: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மேல் பேட்ரோனி, மரியாடிபி டேட்டாபேஸில் கலேரா.

கலேராவில் எந்த நோடிலும், அதாவது எந்த மெஷினிலும், எழுதலாம். ஒன்று விழுந்தால் சில நொடித் தயக்கம், அப்புறம் மற்றவை தொடரும். புதுத் தலைவரைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒரே வரியை இரண்டு நோடில் ஒரே சமயம் மாற்றினால், ஒரு பக்கம் கமிட்டில் (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டத்தில்) டெட்லாக் என்ற மோதல் பிழை வரும். நம் புரோகிராம் அதை மறுபடி அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும். நம்முடைய பழைய பில்லிங் புரோகிராமுக்கு அது தெரியாது.

பேட்ரோனியில் எழுதுவது பிரைமரி என்ற தலைவர் மெஷினில் மட்டும். அது செத்தால், வேறொன்று தலைவராகும் முன் அதன் தலைமைச் சாவி (யார் தலைவர் என்ற பதிவு) காலாவதியாக வேண்டும். இயல்பு அமைப்பில் 30 நொடி. அந்த அரை நிமிடம் வண்டி நிற்கலாம், பரவாயில்லை. சீட்டு காணாமல் போவதுதான் எனக்குப் பொறுக்காது, அது விவசாயியின் பணம். இயல்பில் ரெப்ளிகேஷன் (மற்ற மெஷினுக்கு நகலெடுப்பது) அசிங்க்ரனஸ், அதாவது நகல் சேரும்வரை காத்திருக்காது என்பதால், கடைசிச் சில சீட்டுகள் பிரைமரியோடு போய்விடலாம். அதனால் சிங்க்ரனஸ் மோடைப் போட்டேன். ஓசூரில் உள்ள ஸ்டாண்ட்பை (மாற்று மெஷின்) எழுதி முடித்த பிறகே கமிட் திரும்பும். சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆகும் சில மில்லிநொடியை எடைமேடையில் யாரும் உணரப் போவதில்லை. ஓசூர் லைன் அறுந்தால் பேட்ரோனி தனியாக எழுத விட்டுவிடும். அதையும் தடுக்க ஸ்டிரிக்ட் மோடு உண்டு, ஆனால் அப்போது சீட்டே நின்றுவிடும். அதை நான் போடவில்லை. பின்தங்கிய ஓசூரை பேட்ரோனி தானாகத் தலைவராக்காது என்பதே எனக்குப் போதுமான காப்பு.

ஆக, என் ஓட்டு பேட்ரோனிக்கு. ஆனால் எதை எடுத்தாலும் ஓட்டுப் போடும் மெஷின்களில் பெரும்பான்மை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்றில் இரண்டு கிருஷ்ணகிரியிலேயே இருந்தால், இங்கே கரண்ட் போனதும் ஓசூர் உயிரோடு இருந்தும் பெரும்பான்மை இல்லாமல் எழுதாது. மூன்றாவதைத் தர்மபுரியில் வையுங்கள். சின்ன மெஷின் போதும்: பேட்ரோனிக்குத் தலைமைச் சாவியை வைத்திருக்கும் எட்சிடி ஒன்று, கலேராவுக்கு ஓட்டு மட்டும் போடும் கார்ப்டி புரோகிராம். அதில் டேட்டா தேவையில்லை, ஓட்டு மட்டும் இருந்தால் சரி.