தலைப்பு கடைசியில் வரட்டும்: நான்கு ஆண்டு வகுப்பறை அனுபவம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். 2014 முதல் நடைமுறையில் உள்ள பாடத்திட்டத்தில், ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து இங்கே வந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் குடியேற்றம் இடம்பெற்றிருக்கிறது. அதையொட்டி அந்த மக்களின் வேளாண்மை பற்றி ஒரு தகவல் கட்டுரை எழுத வைக்கிறேன். எழுதுவதற்கு முன் திட்டமிடக் கற்றுக்கொடுப்பதுதான் இதில் கடினமான வேலை. நான்கு ஆண்டுகளில் இரண்டு வழிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

முதல் ஆண்டு, அச்சடித்த திட்டத்தாள். பயிர்கள், கால்நடைகள், கருவிகள், உணவு என்று நான்கு கட்டங்கள். வகுப்பு அமைதியாக இருந்தது, கட்டங்கள் அரை மணி நேரத்தில் நிரம்பின. கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தபோது மனம் சோர்ந்துபோனது. எல்லாருமே ஒரே கட்டுரையை எழுதியிருந்தார்கள். கோதுமையும் பார்லியும் பயிரிட்டார்கள், ஆடு மாடு பன்றி வளர்த்தார்கள் என்று வரிசையாக வந்தது. பிழை இல்லை, உயிரும் இல்லை. உணவுக் கட்டத்தில் இடம் மீந்ததால் ஒரு பையன் உருளைக்கிழங்கைச் சேர்த்திருந்தான். அது இங்கிலாந்துக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். தவறு அவனுடையது அன்று. வெற்றுக் கட்டத்தைக் கண்டால் எதையாவது போட்டு நிரப்பத்தான் பிள்ளைக்குத் தோன்றும்.

இரண்டாம் ஆண்டு முதல் சீட்டுகளுக்கு மாறினேன். ஒரு சீட்டில் ஒரே ஒரு செய்தி. அதன் பின்புறத்தில், அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்று ஒரு வரி: எலும்பு, கருகிய தானியம், பழைய ஏடு, ஊர்ப்பெயர். சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று சேர்பவற்றைப் பிள்ளைகளே கூட்டுவார்கள். தலைப்பு வைப்பது கடைசி வேலை.

பின்புறத்து வரிக்கு இவ்வளவு பலன் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மே மாதத்தில் பசுக்களை நாளுக்கு மூன்று முறை கறந்ததால் அந்த மாதத்துக்கே ‘மூன்று கறவை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள் என்று பீட் என்ற துறவி 725இல் எழுதிவைத்திருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எருதுகள் ஆற்றைக் கடக்கும் துறை, ஸ்விண்டன் என்றால் பன்றிக் குன்று. சான்றைத் தேடத் தொடங்கிய பிறகு என் வகுப்பில் உருளைக்கிழங்கு திரும்ப முளைக்கவில்லை.

இந்த முறையை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு சிறுமி. ஏல்ஃப்ரிக் என்ற துறவி, பத்தாம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் இலத்தீன் கற்கும் மாணவர்களுக்காக ஓர் உரையாடல் எழுதினார். அதில் உழவன் பேசுகிறான்: எவ்வளவு கடுமையான குளிரானாலும் தலைவனுக்கு அஞ்சி வீட்டில் இருக்கத் துணிவதில்லை, நாள்தோறும் ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ உழ வேண்டும். அவனோடு தார்க்குச்சி ஏந்தி எருது ஓட்டும் பையனுக்குக் குளிரிலும் கத்திக் கத்தியும் தொண்டை கட்டியிருக்கிறது. அந்தப் பையனைப் பற்றிய சீட்டு சிறுமியின் கையில் இருந்தது. தார்க்குச்சி இருக்கிறதே என்று கருவிகளோடு வைத்தாள், எடுத்தாள். எருதுகளோடு வைத்தாள், மறுபடியும் எடுத்தாள். “மிஸ், இவன் எங்கே போவான்?” என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். சற்று நேரத்தில், ‘தான் சுதந்திரமானவன் அல்ல என்று உழவன் சொன்னான்’ என்ற சீட்டைத் தேடி எடுத்து அருகில் வைத்தாள். பிறகு, இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை தின்னப் பன்றிகளைக் காட்டுக்கு ஓட்டிச் சென்றவர்கள் பற்றிய சீட்டு. மூன்றுக்கும் மேலே ‘வயலில் பாடுபட்டவர்கள் யார்?’ என்று எழுதினாள். என் பழைய தாளில் அப்படி ஒரு கட்டமே இல்லை. மனிதர்களுக்கு இடம் வைக்காமல் வேளாண்மையைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குறைகளும் உண்டு. அரை மணி நேர வேலைக்கு இரண்டு முழுப் பாடவேளை பிடிக்கிறது. சீட்டுகள் தொலைகின்றன. ஆளுக்கொரு கடித உறை கொடுத்த பிறகுதான் அது குறைந்தது. சில பிள்ளைகள் ஒவ்வொரு சீட்டையும் தனிக் கூட்டமாக வைத்துவிடுவார்கள். மூன்று சீட்டுகளாவது சேர்ந்தால்தான் ஒரு பத்தி என்ற விதி அவர்களுக்குக் கைகொடுக்கிறது. எழுதச் சிரமப்படுபவர்கள் சீட்டில் படம் வரையலாம். திரிகையின் படமும் ஒரு குறிப்புதான். வண்ணச் சீட்டுகளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். மூன்றாம் ஆண்டு வாங்கினேன். பொருளைப் பார்க்காமல் நிறத்தைப் பார்த்து அடுக்கினார்கள். வெள்ளைத் தாளை வெட்டிக்கொண்டால் போதும்.

முன்னுரையையும் இப்போது கடைசியில்தான் எழுத வைக்கிறேன். எதைப் பற்றிய கட்டுரை என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிகிறது.

சஃபோக்கில் வெஸ்ட் ஸ்டோ என்ற இடத்தில் ஆங்கிலோ-சாக்சன் குடியிருப்பு ஒன்றை அகழ்ந்தெடுத்து, அதே இடத்தில் வீடுகளை மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். இதுவரை அங்கே போய்வந்த பிறகுதான் சீட்டு எழுத வைத்தேன். இந்த ஆண்டு முன்கூட்டியே எழுதவைத்து, பின்புறம் வெறுமையாக இருக்கும் சீட்டுகளை மட்டும் உறையில் போட்டு எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறேன்.