திகைப்பா, கலக்கமா? 'டிஸ்மே' என்ற சொல்லுக்கு ஓர் ஒப்பீடு

நம்பியிருந்தது பொய்த்துப்போன ஏமாற்றமும், இனி என்ன ஆகுமோ என்ற அச்சமும் சேர்ந்து மனத்தைத் தளர்த்திவிடும் நிலையை ஆங்கிலத்தில் 'டிஸ்மே' என்கிறார்கள். 1300ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் உள்ளே, ஆற்றலைக் குறிக்கும் ஜெர்மானிய வேர் ஒன்றும் அதை இல்லாமலாக்கும் முன்னொட்டு ஒன்றும் இருக்கின்றன. செயல்படும் வலுவை இழக்கச் செய்வதே இதன் ஆதிப்பொருள். இதைத் தமிழாக்கும்போது அதிர்ச்சி, ஏமாற்றம், திகைப்பு, கலக்கம் ஆகிய நான்கும் போட்டிக்கு வருகின்றன. என் மொழிபெயர்ப்புகளில் நான் கலக்கத்தையே எடுத்தாள்கிறேன்.

அதிர்ச்சியைச் செய்தித்தாள்கள் தினந்தோறும் கையாண்டு தேய்த்துவிட்டன. விலையேற்றத்துக்கும் அதிர்ச்சி, விபத்துக்கும் அதிர்ச்சி. ஏமாற்றத்தில் அச்சத்தின் சாயல் இல்லை என்பதோடு, யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் மெல்லக் கலந்துவிடுகிறது.

உண்மையான போட்டி திகைப்புக்கும் கலக்கத்துக்கும் இடையில்தான். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் ஏசாயா 41:10 இந்த ஆங்கிலச் சொல்லால் "மனம் தளராதே" என்று தேற்றும் இடத்தில், பரவலாக வாசிக்கப்படும் பழைய தமிழ் விவிலியம் "திகையாதே" என்கிறது. யோசுவா 1:9இல் ஆங்கிலத்தில் 'அஞ்சாதே' என்பதை அடுத்து அதே சொல் வரும்போதோ, தமிழில் "திகையாதே, கலங்காதே" என்று இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. வரிசைப்படி பார்த்தால் அச்சத்தின் இடத்தில் திகைப்பும், 'டிஸ்மே'யின் இடத்தில் கலக்கமும் அமைகின்றன. ஆகவே திகைப்புக்கும் மரபின் துணை உண்டு. ஆயினும் "திகைக்க வைக்கும் வெற்றி" என்று மகிழ்ச்சிக்கும் அதை எழுதத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், வாசகர் அதில் வியப்பைத்தான் முதலில் காண்கிறார்.

நான் முடிவெடுக்கக் காரணமாக இருந்தது, அந்தக் கணம் கடந்த பிறகு மனத்தில் எது தங்குகிறது என்பதே. திகைத்தவர் சற்று நேரத்தில் தெளிந்துவிடுவார்; கலங்கியவருக்கு அந்தத் தெளிவு அவ்வளவு விரைவில் வாய்ப்பதில்லை. குளம் கலங்கியது என்று சொல்லும்போது, அது முன்பு தெளிந்திருந்தது என்பதும், இப்போது அடியில் இருப்பது தெரியவில்லை என்பதும், தெளியக் காலம் பிடிக்கும் என்பதும் அந்த ஒரு வினைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மனத்துக்கும் இதே வினையைத்தான் நாம் வழங்குகிறோம். முன்பிருந்த தெளிவு நம்பிக்கையையும், அடி தெரியாமை அச்சத்தையும் சுட்டுவதால், ஏமாற்றத்தையும் அச்சத்தையும் தனித்தனியே எழுதவேண்டிய தேவை எழுவதில்லை. 'தேர்தல் முடிவு கட்சியினரைக் கலங்கச் செய்தது' என்ற வாக்கியத்தில் 'திகைக்கச் செய்தது' என்று மாற்றிப் பார்த்தால், அவர்கள் தோற்றார்களா, எதிர்பாராமல் வென்றார்களா என்பதே விளங்காமல் போகிறது.

வேர்ப்பொருளை மட்டும் கருதினால் இவை அனைத்தையும்விட நெருங்கிய சொல் கையாறு. கை என்பதற்குச் செயல் என்ற பொருளும் உண்டு. அது அற்றுப்போவதே கையறுதல். பாரியை இழந்த அவன் மகளிர் பாடிய "அற்றைத் திங்கள்" என்ற புறநானூற்று 112ஆம் பாட்டின் துறையும் கையறுநிலைதான். திருவள்ளுவர் 627ஆம் குறளில் "கலக்கத்தைக் கையாறாக் கொள்ளாதாம் மேல்" என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். கலக்கம் வரும், அதைக் கையாறாக ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உரம் என்று நான் இதைப் படிக்கிறேன். ஆங்கிலச் சொல்லின் இன்றைய வழக்கு, செயலே அற்றுப்போகும் அளவுக்குப் போகாமல் பெரும்பாலும் கலக்கத்தின் அளவிலேயே நின்றுவிடுகிறது. பழைய போர்க்கதைகளை மொழிபெயர்ப்பவர்கள் கையாற்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

கலக்கம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் என்று நான் வாதிட மாட்டேன். 'கண் கலங்கினார்' என்ற வழக்கின் செல்வாக்கால் சில இடங்களில் கண்ணீர் தொனித்துவிடுகிறது. அரசுகளும் அமைப்புகளும் வெளியிடும் அறிக்கைகளில் 'கலக்கம் தெரிவித்தது' என்பது காதுக்கு ஒட்டாததால், அங்கே 'வேதனை தெரிவித்தது' என்றே எழுதுகிறேன். சட்ட ஆவணங்களில் எனக்குப் பயிற்சி குறைவு. அங்கே வேறு சொல் பொருந்தக்கூடும். கதைகளில் ஒருவர் தன் வாயால் சொல்லும்போது பெயர்ச்சொல்லையே கைவிட்டு, 'பெட்டியைத் திறந்தால் பத்திரத்தைக் காணவில்லை, எனக்குப் பகீரென்றது' என்று எழுதுவதே இயல்பாக இருக்கிறது.