மதிலுக்கு எந்தக் கொடி: கிளெமற்றிஸா, ரங்கூன் மல்லியா, பெற்றியாவா?

குளிர்நாட்டுப் பூக்கொடியான கிளெமற்றிஸின் குளிர்காலப் பராமரிப்பெல்லாம் கொடி உறங்கும் என்பதை நம்பியே இருக்கிறது. ஐரோப்பாவில் இலை உதிர்ந்து உறங்கும் கொடியை, கோடை கடைசியில் பூக்கும் வகையென்றால், பெப்ரவரியில் தரையிலிருந்து 30 சென்றிமீற்றர் விட்டு, பருத்த சோடி மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுவார்கள். கொழும்பில் தை மாத இரவே சராசரி 22 பாகை. உறக்கம் எங்கே வரும்? 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் என்றால் யோசிக்கலாம்.

கொழும்பில் கிளெமற்றிஸுக்கு எமன் ஐப்பசி, கார்த்திகை மழைதான். வேர் குளிர்ச்சியைக் கேட்கும், தேங்கிய நீரைத் தாங்காது. ஆசை விடவில்லையென்றால் 45 சென்றிமீற்றர் ஆழச் சாடியில் வையுங்கள்: இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு பருமணல். பழைய சாடியில் இருந்ததைவிட 6 சென்றிமீற்றர் ஆழமாக நட வேண்டும். வாடல் பூஞ்சணம் பிடித்தால் நேற்று நிமிர்ந்து நின்ற தளிர் இன்று கறுத்துத் தொங்கும். நல்ல தண்டு வரை வெட்டி எறிந்தாலும் மண்ணுக்குள் புதைந்த கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடித்தண்டே கூழாகியிருந்தால் அது வேரழுகல், காப்பாற்ற முடியாது. அது வராமலிருக்கச் சாடியை இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். அடித்தட்டு வேண்டவே வேண்டாம்.

ரங்கூன் மல்லிக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. மாலையில் வெள்ளையாக விரிந்து, அடுத்தடுத்த நாட்களில் ரோசாவாகி, சிவந்து முடியும், இரவில் மணக்கும். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் மழை ஓய்ந்த தை, மாசியில் துணிந்து வெட்டலாம். உதிர்ந்த இலையின் காம்பு முள்ளாகிக் கொடியிலேயே நிற்கும், கையுறை போடுங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும். வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளை அவ்வப்போது கிள்ளாவிட்டால் பக்கத்து வீட்டாரோடு பேச்சு வளரும்.

பெற்றியா மெதுவானது, முதல் ஓரிரு வருடம் பூவை எதிர்பார்க்க வேண்டாம். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் இலை. ஊதா இதழ் உதிர்ந்த பிறகும் அதைத் தாங்கும் வெளிர்நீலப் புல்லி நாட்கணக்கில் நிற்பதால் கொத்து வெறுமையாவதில்லை. தண்டு மரமாகிக் கனக்கும், நைலோன் கயிறு தாங்காது. இரும்புக் குழாய்ப் பந்தல் வேண்டும். பூத்து முடிந்த கையோடு மட்டும் வெட்டுங்கள்.

வெயில் விழும் நீண்ட மதிலுக்கு ரங்கூன் மல்லி, சிறிய வாசல் பந்தலுக்குப் பெற்றியா. கிளெமற்றிஸை ஒரு பருவத்துப் பூவாக எண்ணி வாங்குங்கள்.