மரைன் டேங்குக்கு எந்த எல்இடி? சேலத்தில் என் ஓட்டு பிளாக் பாக்ஸுக்கு

கடல்நீரில் பவளம் வளர்க்கும் என் மூன்றடி மரைன் டேங்கின் மேல் இருந்த டி5 (மெல்லிய டியூப்லைட்) செட்டைக் கழற்றிவிட்டு எல்இடிக்கு மாறியாகிவிட்டது. மாறுவதற்கு முன் மூன்று வழிகள் கண் முன்னால் இருந்தன. டி5-ஐயே தொடர்வது ஒன்று. ஏஐ (அக்வா இல்லுமினேஷன்) ஹைட்ரா, ரேடியான், கெசில் போன்ற வெளிநாட்டு பிராண்டு ஒன்றை வாங்குவது இன்னொன்று. மூன்றாவது, மீன் வளர்ப்பவர்கள் பிளாக் பாக்ஸ் என்று சொல்லும் சீனத்துக் கறுப்புப் பெட்டி, 165 வாட் என்று போட்டு விற்பது. நான் வாங்கியது பிளாக் பாக்ஸ்தான், அதுவும் இரண்டு. விலை குறைவு என்பது உண்மை. ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு விஷயம்: பழுதானால் சேலத்துக்குள்ளேயே சரிபண்ண முடியுமா, முடியாதா?

அதற்குள் போகும் முன், டேங்குக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்பதைப் பார்த்துவிடலாம். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து தரும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. அதற்கு வேண்டியது முக்கியமாக 400 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஊதாவும் நீலமும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவை 'பார்' (PAR) என்ற கணக்கில் சொல்வார்கள். மஷ்ரூம், ஜோவாந்திட், லெதர் மாதிரி மென்பவளங்களுக்கு 50 முதல் 150 பார் போதும். அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்கு 200-லிருந்து 350 வரை கேட்கும்.

நம் நாட்டில் இந்த இடம் முக்கியம். பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறி, நெருப்புப் பவளம், கரும்பவளம் எல்லாம் அதே பட்டியல்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி இருப்பதை யாராவது எடுத்துவந்து கொடுத்தால் வாங்காதீர்கள், தயவுசெய்து. என் டேங்கில் மஷ்ரூமும் ஜோவாந்திடும் ஒரு பெரிய லெதரும்தான். எனக்கு வேண்டியது 100 பார் சுற்றுவட்டத்தில் ஒரு சீரான வெளிச்சம். 300 பார் தரும் லைட்டை வாங்கி அதை முப்பது சதவீதத்தில் ஓட்டுவதற்குப் பெரும் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டி5-ஐப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிழல் விழாமல் சீராகப் பரவும் வெளிச்சத்தில் இன்றைக்கும் அதை மிஞ்ச எல்இடி சிரமப்படும். ஆனால் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் டியூபை மாற்றியாக வேண்டும், கண்ணுக்கு எரிவது போலவே தெரிந்தாலும் உள்ளே நீலம் குறைந்துவிடும். அந்த நீல டியூப் சேலத்தில் கிடைக்காது. கூரியரில் வரும்போது உடையும். ஐரோப்பாவில் 2023 ஆகஸ்டோடு டி5 டியூப்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையிலும் 2027-க்குள் நீள டியூப்களுக்கு முடிவு கட்டத் தீர்மானித்திருக்கிறார்கள். இனிமேல் புதிதாக அதில் பணம் போடுவது வீண்.

சரி, பிராண்டு லைட். நேர்மையாகச் சொன்னால், வேலைப்பாட்டில் அவற்றுக்குப் பக்கத்தில் பிளாக் பாக்ஸ் நிற்க முடியாது. ஹைட்ரா 32-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யூவி, வயலட், ராயல் புளூ, நீலம், பச்சை, அடர் சிவப்பு, வெள்ளை என்று ஏழு சேனல்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். காலையில் மெல்ல விடிந்து, மாலையில் மெல்ல அடங்கும்படி போனிலேயே அமைக்கலாம். புதுப் பவளம் வைத்தால் சில வாரங்களில் படிப்படியாக வெளிச்சம் ஏறும்படி ஒரு வசதியும் உண்டு. கெசிலில் எல்இடிகள் எல்லாம் ஒரே புள்ளியில் நெருக்கி வைக்கப்பட்டிருப்பதால், கடலுக்கடியில் வெயில் ஆடுவது போல மணலில் அலையலையாக ஆடும். அந்த அழகுக்காகவே அதை வாங்கலாம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். பழையதாக விற்றாலும் பிராண்டு லைட்டுக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் உடனே ஆள் வருவார்கள். பிளாக் பாக்ஸைப் பழையதாகக் கேட்க ஒருவரும் வரமாட்டார்.

இவ்வளவும் தெரிந்துதான் பிளாக் பாக்ஸுக்குப் போனேன்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன? ஒரு அலுமினியப் பலகையில் 55 எல்இடிகள், பின்னால் வெப்பம் கடத்தும் தகடு, இரண்டு 12 வோல்ட் ஃபேன், எல்இடிக்குக் கரண்டை அளந்து கொடுக்கும் இரண்டு டிரைவர். ஒரு டிரைவர் நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. அவ்வளவுதான். ஒவ்வொன்றும் 3 வாட் எல்இடி என்பதால் 55-ஐ மூன்றால் பெருக்கி 165 வாட் என்று அட்டையில் போட்டுவிடுகிறார்கள். டிரைவர் கொடுக்கும் கரண்டில் ஒவ்வொன்றும் இரண்டு வாட்டை ஒட்டித்தான் எரியும். என் பிளக் மீட்டரில் இரண்டு சேனலையும் முழுக்கத் திருப்பியபோது 110 வாட்டைச் சுற்றித்தான் காட்டியது. இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்இடி முழுச் சக்தியில் எரியாததால் சூடு குறைந்து ஆயுள் கூடுகிறது. ஆனால் 165 வாட் என்று நம்பிக் கணக்குப் போட்டால் கணக்கு தப்பும்.

இனி ரிப்பேர். எல்இடிகள் வரிசையாக, ஒன்றின் வாலில் அடுத்தது என்று தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு எல்இடி போனாலும் பாதிப் பெட்டி இருட்டாகிவிடும். முதல் முறை பார்ப்பவர் டிரைவரே போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடுவார். அம்மாபேட்டையில் நான் போகும் டிவி ரிப்பேர் கடை அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இது டிவி பேக்லைட் மாதிரிதான் தம்பி. ஒண்ணு போனா லைனே போயிரும்." எல்இடி டிவி ரிப்பேர் பார்க்கும் எல்லாரிடமும் பேக்லைட் டெஸ்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். அதன் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு எல்இடியின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டே போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நீலம் மினுக்கிக்கொண்டே வந்தது. ஒன்றில் மட்டும் மினுக்கவில்லை. அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

மாற்றுவதில்தான் கொஞ்சம் சூட்சுமம். அலுமினியப் பலகை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சாதாரண சால்டரிங் அயர்ன் வைத்து எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஈயம் உருகாது. அவர் பலகையைக் கழற்றி, அடியில் ஹாட் பிளேட் வைத்து மிதமாகச் சூடேற்றி, அப்புறம் மேலிருந்து ஹாட் ஏர் கொடுத்தார். எல்இடி தானாக நழுவி வந்தது. புதியதைப் பிளஸ் மைனஸ் பார்த்து வைத்து, திரும்பப் பூட்டும்போது தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் பூசினார். 450 நானோமீட்டர் ராயல் புளூ 3 வாட் எல்இடி ஆன்லைனில் பத்துப் பத்தாகக் கிடைக்கிறது. ஒரு பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டால் பல வருடம் கவலை இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தத் தொடரில் எல்லாம் சேர்ந்து 80, 90 வோல்ட் டிசி ஓடும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்ட் கொடுத்துப் பார்க்கும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம், அதுவும் உப்புத்தண்ணீர் பக்கத்தில்.

ஃபேன் போனால் இன்னும் சுலபம். கம்ப்யூட்டர் கடையில் அதே அளவு 12 வோல்ட் ஃபேன் வாங்கி நாலு திருகில் மாட்டிவிடலாம். சேலத்தில் இது சின்ன விஷயமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 38, 39 டிகிரி என்று போகும்போது, மூடிய அறைக்குள் டேங்க் மேல் தொங்கும் லைட் அந்தச் சூடான காற்றைத்தான் இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். கூடவே ஸ்கிம்மரிலிருந்தும் (நுரை கட்டி அழுக்கை எடுக்கும் கருவி) சம்ப்பிலிருந்தும் (டேங்குக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டி) தெறிக்கும் உப்புத் துளி, ரோட்டுத் தூசி. ஃபேன் இறக்கையில் இரண்டும் கலந்து வெள்ளைப் பொருக்காக ஏறிவிடும். மாதம் ஒரு முறை பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுகிறேன். லென்ஸைத் துடைக்க ஆர்ஓ தண்ணீர்தான். நம் ஊர் போர் தண்ணீரில் துடைத்தால் உப்போடு சுண்ணாம்புப் படலமும் சேர்ந்துகொள்ளும்.

பிராண்டு லைட் எளிதில் பழுதாகும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் பழுதானால் கதை வேறு. இங்கே ஒரு நண்பரின் வெளிநாட்டு லைட்டில் ஒரு சேனல் நின்றுபோனது, வாரண்டியும் முடிந்திருந்தது. உள்ளே ஒரே பலகையில் எல்லாம் நெருக்கமாக அமைந்திருந்ததால் உள்ளூரில் யாரும் கைவைக்கத் துணியவில்லை. வெளியூருக்கு கூரியர் போட்டு, பலகை வெளிநாட்டிலிருந்து வந்து, திரும்பி வரப் பல வாரம் ஆனது. அதுவரை அவருடைய பவளங்கள் இரவல் லைட்டில் காலம் தள்ளின. சென்னையில் இருந்தால் நானும் வேறு மாதிரி யோசித்திருப்பேன். சேலத்தில் இதை நினைக்காமல் வாங்க முடியாது.

இரண்டு பெட்டி வாங்கியதற்கும் இதே காரணம்தான். ஒரு ஹைட்ரா 32-இன் விலையில் இரண்டு பெட்டியும் உதிரி எல்இடி, உதிரி ஃபேனும் வாங்கி மிச்சமும் இருக்கும். ஒன்று ரிப்பேருக்குப் போனாலும் இன்னொன்றை நடுவில் தள்ளிக் கொஞ்சம் கூட்டி வைத்தால் டேங்க் இருட்டாகாது. அதோடு ஒரு பெட்டி இரண்டடிக்கு இரண்டடிதான் ஒழுங்காக மூடும். மூன்றடி நீளத்துக்கு ஒன்றை மட்டும் தொங்கவிட்டால் நடுவில் எரிக்கும், ஓரத்தில் மங்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 90 டிகிரி லென்ஸ் இருப்பதால் வெளிச்சம் குவிந்து விழும், பாறையின் அடிப்பக்கம் நிழலாக இருக்கும். வெள்ளையும் நீலமும் தனித்தனி எல்இடி என்பதால் மணலில் நிறம் பிரிந்து பிரிந்து ஆடும். கெசில் பார்த்த கண்ணுக்கு அது உறுத்தும். தண்ணீர் மட்டத்திலிருந்து பத்து, பன்னிரண்டு அங்குலம் உயர்த்தித் தொங்கவிட்டதில் எனக்கு ஓரளவு சரியானது. ஃபேன் சத்தம் உண்டு. படுக்கையறையில் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு அது தொந்தரவுதான். கல்பவளத்தின் நிறம் இந்த லைட்டில் எப்படி வரும் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், வளர்த்ததில்லை. வயலட், யூவி சேனல்கள் நிறத்தைக் கூட்டும் என்பவர்கள் சொல்வதில் விஷயம் இருக்கலாம்.

கரண்ட் செலவு பெரிய வித்தியாசமில்லை என்றாலும் கணக்கு இது: நாலு 39 வாட் டி5 டியூப், தினம் எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 75 யூனிட். என் இரண்டு பெட்டியும் சேர்ந்து இப்போது ஓடும் அளவில் 90 வாட், அதாவது 43 யூனிட். டேங்க் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஏசியும் ஓடும் வீட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும் என்பதால் இந்த 32 யூனிட்டுக்கும் மதிப்பு உண்டு. டி5-இல் சூடு நேராகத் தண்ணீரைப் பார்த்து இறங்கும், எல்இடியில் பெரும்பகுதி மேலே போய்விடும். கோடையில் சில்லர் நின்று நின்று ஓடுவதில் அது தெரிகிறது.

ஏற்காட்டில் டேங்க் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1,500 மீட்டர் உயரத்தில் சில்லரை விட ஹீட்டர்தான் வேலை செய்யும், லைட்டுக்கும் சூட்டுப் பயம் இல்லை. அங்கே எதிரி மூடுபனியின் ஈரம். திறந்த காற்றோட்டத் துளைகளோடு இருக்கும் பிளாக் பாக்ஸின் பலகையில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் பச்சையாகப் பூத்துவிடும். ரிப்பேருக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். நன்றாக மூடி வரும் பிராண்டு லைட்தான் அங்கே சரி என்று தோன்றுகிறது. கல்பவளத்தைச் சட்டப்படி வளர்க்க வழி உள்ளவர்கள், அல்லது வீட்டில் அதிகம் இல்லாமல் போனிலிருந்தே எல்லாம் பார்க்க நினைப்பவர்களும் பிராண்டுக்கே போகலாம்.

பிளாக் பாக்ஸ் வாங்குவதாக இருந்தால், நீலம் வெள்ளை இரண்டுக்கும் தனித்தனியாகக் குறைக்கும் திருகு உள்ளதா என்று முதலில் பாருங்கள். வெறும் ஆன், ஆஃப் ஸ்விட்ச் மட்டும் உள்ளதை வாங்க வேண்டாம். மாட்டிய உடனே முழு வெளிச்சம் கொடுத்தால் பவளம் உள்ளிருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும், அதுவும் தண்ணீர் சூடாக இருக்கும் கோடையில் இன்னும் சீக்கிரம். நான் நீலம் 25, வெள்ளை 5 சதவீதத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் நீலம் 45, வெள்ளை 15-இல் நிறுத்திக்கொண்டேன். யாரிடமாவது பார் மீட்டர் இரவல் கிடைத்தால், நீலத்தைச் சரியாக அளக்கும் அபோஜி எம்க்யூ-510 மாதிரியானதாக வாங்கி, மணல், பாறையின் நடு, உச்சி மூன்று இடத்திலும் அளந்துவிடுங்கள். மீட்டர் இல்லையென்றால் மஷ்ரூமைப் பாருங்கள். சுருங்கி ஓரம் மடிந்தால் வெளிச்சம் கூடுதல், தட்டையாக அகன்று மேலே நீண்டு தேடினால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்.