மனச்சோர்வுக்கு எது: புரோபயாட்டிக் மாத்திரையா, சாப்பாட்டுத் தட்டா?

புரோபயாட்டிக் என்பது உடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகள். அவை அடங்கிய மாத்திரை விலை அதிகம், ஆதாரம் குறைவு. பலன் கிருமியின் ரகத்துக்கு ரகம் மாறும். அட்டையில் ‘லாக்டோபேசில்லஸ்’ என்று கிருமியின் பொதுப்பெயரை மட்டும் போட்டு ரகக் குறியீடு இல்லையென்றால் வாங்காதீர்கள். ஜேபி-1 (JB-1) என்ற ரகம் 2011இல் சுண்டெலிகளின் பதற்றத்தைக் குறைத்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வெட்டப்பட்ட எலிகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 2017இல் ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்தபோது பலனே இல்லை. மாத்திரை சாப்பிடுவதை நிறுத்தினால் அந்தக் கிருமிகளும் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

தட்டின் பக்கம் வருவோம். 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்கள் 12 வாரம் பருப்பு, காய், முழுதானியம், மீன் என்று சாப்பிட்டார்கள். 32 சதவீதம் பேர் தேறினார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். மொத்தமே 67 பேர்தான், அதையும் மறக்கக்கூடாது.

நம் வீட்டில் தயிர் போதுமா? அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு தேக்கரண்டி உறை ஊற்றுங்கள். அதையே மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் உயிருள்ள கிருமி மிஞ்சாது. தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொண்டால் குடல் கிருமிகளுக்குத் தீனி இல்லை. கீரையோ சுண்டலோ வேண்டும். சுண்டலை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள். மருத்துவர் கொடுத்த மனச்சோர்வு மருந்தை இரண்டுக்காகவும் நிறுத்தவேண்டாம்.