மகாபொல காணுமோ? மல்லாவியில இருந்து ஒரு கணக்கு

மல்லாவியில இருந்து யாழ்ப்பாணம் மெடிக்கல் பகல்ட்டிக்குப் போய் இப்ப மூண்டாம் வருசம். ஊரில ஏ.எல். எழுதிப்போட்டு இருக்கிற பிள்ளையள் என்னைக் கண்டா முதல் கேக்கிறது, "அக்கா, மகாபொல காணுமோ?" மகாபொல எண்டது கம்பஸ் பிள்ளையளுக்குக் கிடைக்கிற புலமைப்பரிசில் காசு.

காணாது. ஆனா அது இல்லாட்டி நான் நிண்டு பிடிச்சிருக்க மாட்டன்.

கம்பஸுக்குப் படிப்புக் காசு கட்டத் தேவையில்லை. காசு போறது வேற வழியால. கொக்குவிலில மூண்டு பேர் சேர்ந்து ஒரு அறை, சாப்பாடு, போட்டோக்கொப்பி, மாங்குளம் வந்து ஏ9 பஸ் ஏறுற செலவு. மகாபொல நான் சேரேக்க மாதம் 5,000 ரூபா. 2025இல 7,500 ஆக்கினாங்கள். அதுவும் வருசத்துக்குப் பத்து மாதம்தான் வரும், மிச்ச ரெண்டு மாதத்துக்கு வயிறு லீவு எடுக்காது. மகாபொல கிடைக்காட்டி பேர்சரி எண்டு இன்னொரு உதவிக் காசு இருக்கு, அது 4,000இல இருந்து 6,500 ஆனது. ரெண்டையும் சேர்த்து எடுக்கேலாது.

முதல் வருசம்தான் கஷ்டம். காசு கைக்கு வர முதலே வெள்ளைக் கோட்டும் போன்ஸும் (உடம்பைப் படிக்கிற எலும்புகள்) வேணும். போன்ஸ் செட் ஒரு சீனியர் அண்ணா தந்தார். தொடை எலும்பில அவருக்கு முந்தின ஆரோ பென்சிலால கீறின கோடுகள் அப்படியே இருந்தது, தசை எங்க ஒட்டுதெண்டு அதைப் பாத்துத்தான் பாடமாக்கினன். இப்ப அது ஒரு ஜூனியர் தங்கச்சியின்ர கட்டிலுக்குக் கீழ கிடக்கு.

விண்ணப்பத்தில எனக்குப் பிடிக்காதது வருமானப் பகுதி. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு நிமிச வேலை. எங்களுக்கு வவுனிக்குளத்துத் தண்ணியில ரெண்டு ஏக்கர் வயல். ஒரு காலபோகம் வீடு நிறைய மூட்டை, அடுத்த காலபோகம் வெள்ளத்துக்குள்ள. எந்த வருசத்தை எழுதிறது? விதானையார் (கிராம சேவகர்) எங்களைத் தெரிஞ்ச மனுசன், ஒரு சுணக்கமும் இல்லாமல் கையொப்பம் வைச்சார். வேறொரு கந்தோரில இருந்தவர், "சம்பளச் சீட்டு எங்க?" எண்டு கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டுபோட்டு, "ஐயா, நெல்லுக்கு ஆர் சீட்டுத் தாறது?" எண்டார். மூண்டு தரம் அலைஞ்சம். அதால என்ர புத்தி: ஏ.எல். றிசல்ட் வந்த கிழமையே காணி உறுதி, நெல்லு வித்த துண்டு எல்லாத்தையும் ஒரு பைக்குள்ள போட்டு வையுங்கோ.

மொத்தத்தில மகாபொலவுக்கு ஐஞ்சுக்கு மூண்டரை புள்ளி குடுப்பன்.

மகாபொல நிதி 1981இல லலித் அத்துலத்முதலி தொடக்கினது. அபிவிருத்தி லொத்தர் சபையின்ர காசும் அதுக்குப் போறதெண்டு அப்பாவுக்குச் சொன்னன். மல்லாவிச் சந்தியில கிழமைக்கு ஒரு சீட்டு எடுக்கிற மனுசன், ஒருநாளும் விழுந்ததில்லை. "அப்ப எனக்கு விழுந்திட்டுதெண்டு சொல்லு" எண்டு சிரிச்சார். அம்மாவுக்குத்தான் கோபம், இனி அந்தாளை நிப்பாட்டேலாதாம்.