ஐயோமெகா ஜிப் 100: பங்குதாரர்களைத் துரத்திய ‘டிக்’ சத்தம்

கணினிக் கோப்புகளைக் கழற்றி மாட்டும் டிஸ்கில் சேமிக்க, அமெரிக்க நிறுவனமான ஐயோமெகா 1995இல் 199 டாலருக்குச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜிப் 100 கருவியை இன்று மேசைமேல் வைத்துப் பார்த்தாலும், அன்றைக்கு அது ஏன் அப்படி விற்றது என்பது புரிந்துவிடும். 1.44 எம்பி பிளாப்பிகளை அடுக்கடுக்காகச் சுமந்தவர்களுக்கு, சட்டைப்பையில் அடங்கும் ஒரே டிஸ்கில் 100 எம்பி என்பது சாதாரண வசதியல்ல. உள்ளே இருக்கும் டிஸ்கின் லேபிளைப் படிக்க மேற்புறம் ஒரு சன்னல், மின்சாரம் போய்விட்டால் கம்பி நுழைத்து டிஸ்கை வெளியே தள்ளப் பின்புறம் ஒரு துளை என்று யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். கணினியின் பிரிண்டர் துளையில் செருகும் பேரலல் போர்ட் மாடல் மெதுவானது. ஸ்கஸி என்ற வேகமான இணைப்பில் ஓடும் மாடல் தேவலை.

ஆனால் இதை வாங்கியவர்களில் ஒரு சாரார் ஐயோமெகாவின் பங்குகளையும் கையில் வைத்திருந்ததால், கருவியைப் பற்றிய குறை எதுவும் வெறும் குறையாக நிற்கவில்லை. யூட்டா மாநிலத்தின் ராய் நகரில் நிறுவன வளாகத்தில் நிற்கும் கார்களை எண்ணி உற்பத்தியைக் கணித்த சிறு முதலீட்டாளர்கள், கருவிக்குள்ளிருந்து எழுந்த ‘டிக், டிக்’ சத்தத்தை அதே அக்கறையோடு எண்ணினார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தச் சத்தத்தின் காரணம் எளிது. டிஸ்கில் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாதபோது, படிக்கும் முனைகள் பின்வாங்கி மறுபடி உள்ளே வருகின்றன. முனை வளைந்திருந்தால் அது நல்ல டிஸ்கின் விளிம்பைக் கிழிக்கலாம். கிழிந்த அந்த டிஸ்கை வேறொரு கருவியில் செருகினால், அங்குள்ள முனையும் பாழாகலாம். தொற்றுநோய் போலப் பரவக்கூடிய இந்தப் பழுது அரை சதவீதத்துக்கும் குறைவானவர்களையே பாதிப்பதாக நிறுவனம் கூறியது. பங்கை நம்பியவர்களுக்கு அது சிறிய எண். ஆனால் ஒரு கோடி கருவிகளில் அரை சதவீதம் என்றால் 50,000 கருவிகள். புகார் சொல்லாமல் டிஸ்கைக் குப்பையில் போட்டவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

என் பார்வையில், முதலீட்டாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எத்தனை கருவிகள் பழுதாயின என்பதல்ல, சத்தத்துக்குப் பயந்தவர் இனியும் டிஸ்க் வாங்குவாரா என்பதுதான். ரேசரைவிட அடிக்கடி மாற்றும் பிளேடில் லாபம் பார்க்கும் சவர பிளேடு வியாபாரத்தைப் போல, இங்கும் லாபம் இருந்தது சுமார் 20 டாலருக்கு விற்ற டிஸ்கில்தான். பயந்துபோனவர் கருவியைத் திருப்பித் தராமல்கூட இருக்கலாம், பத்தாவது டிஸ்கை மட்டும் வாங்கமாட்டார்.

இந்தப் பழுதுக்காக 1998இல் ஐயோமெகாமீது தொடரப்பட்ட வழக்கு 2001இல் சமரசமாகி, பாதிக்கப்பட்டோருக்கு அதே நிறுவனத்தின் பொருள்களை வாங்கத் தள்ளுபடி கிடைத்தது. (நட்ட ஈட்டிலும் ஒரு வியாபாரம்!) அதற்குள் மலிவான சிடிகள் வந்து, விவாதத்துக்கே வேலையில்லாமல் செய்துவிட்டன.

பழைய கோப்புகளை மீட்பதற்காக இப்போது இதைத் தேடி வாங்குபவர்கள், டிஸ்கின் உலோக மூடியை விலக்கி விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் பார்த்த பிறகே உள்ளே செருக வேண்டும். ‘டிக்’ என்ற சத்தம் தொடர்ந்து கேட்டால், இன்னொரு டிஸ்கைப் போட்டுச் சோதிக்காதீர்கள்.